பிரசவ அறையில் உங்கள் கைகளுக்கு வேலை இருக்கிறது

கேள்வி: என் மனைவிக்கு எட்டாவது மாதம், தலைப்பிரசவம். நாங்கள் பார்க்கும் மருத்துவமனையில் எபிடியூரல் (முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்தி வலியை மரத்துப்போகச் செய்வது) வசதி இல்லை. வேறு இடத்துக்குப் போனால் செலவு கட்டுப்படியாகாது. வலியைக் குறைக்க எளிய வழிகள் உண்டா? பிரசவ அறையில் நான் கூடவே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். விட்டுப் போகாமல் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிரசவம் கொஞ்சம் சீக்கிரமே முடிகிறது, வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் தந்த பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், பெண் தானே விரும்பும் ஒருவர் துணைக்கு இருக்கட்டும் என்கிறது. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி இன்னும் ஏறும். தெரிந்த முகம் அருகில் இருந்தாலே அந்தப் பயம் பாதி அடங்கிவிடும்.

அப்புறம் உங்கள் கை. பல பெண்களுக்கு வலி வயிற்றைவிட இடுப்பின் பின்பக்கம்தான் பிளக்கும். அப்போது அவரை நாற்காலி முதுகையோ கட்டிலையோ பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். இடுப்புக்குப் பின்னால் இரண்டு சின்னக் குழிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே, சற்றுக் கீழே, தட்டையான எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். வலி ஏறும்போது தொடங்கி, இறங்கும்போது மெல்ல எடுங்கள். இடம் சரியா, இன்னும் அழுத்தவா என்பதையெல்லாம் வலி விட்ட இடைவெளியில் கேளுங்கள். வலியின் நடுவில் கேள்வி கேட்டால் எரிச்சல்தான் வரும். கால் விரல் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்ப் பிடிக்கிறதல்லவா, அதே கதைதான்: அழுத்தத்தின் சேதி தண்டுவடத்தில் வலியின் சேதிக்குக் குறுக்கே நிற்கிறது. மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-இல் இதை விளக்கினார்கள்.

கை ஓய்ந்தால் அதே இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கலாம். துணி சுற்றி, முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சூடு அதிகமானாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். வெதுவெதுப்பான ஷவர் இருந்தால் இன்னும் நல்லது.

மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டாம். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், முதுகுவலியும் கூடும். டாக்டர் தடை சொல்லாதவரை நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். முட்டிபோட்டுக் கைகளை ஊன்றியிருப்பது முதுகுவலிக்கு மிகவும் இதம். சிறுநீரை அடக்க விடாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடட்டும். வேகவேகமாக இழுத்தால் விரல் மரமரக்கும், தலை சுற்றும். நீங்களும் சேர்ந்து மூச்சு விடுங்கள், அவர் தானாகவே உங்கள் வேகத்துக்கு வந்துவிடுவார்.

முதுகுவலி மட்டும் தாங்க முடியாமல் போனால், இடுப்பின் பின்பக்கம் தோலுக்கடியில் நான்கு இடங்களில் சுத்திகரித்த நீரை ஊசியால் துளித்துளியாகப் போடும் முறை ஒன்று உண்டு. மருந்தே இல்லை, வெறும் நீர்தான். அரை நிமிடம் தேள் கொட்டியதுபோல் எரியும், பிறகு ஒன்று இரண்டு மணி நேரம் நிம்மதி. அங்கே போடுவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இவை வலியைத் தணிக்கும், துடைத்து எடுத்துவிடாது. அதனால் அவர் ஊசி மருந்து கேட்டால் "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிடாதீர்கள். மருந்து கேட்பது தோல்வியே இல்லை. இடைவெளியே விடாத வலி, ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குட நீர் பச்சையாக வருவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் ஒத்தடத்தை விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வலியை முடுக்கிவிடும் என்று யார் எந்தக் கஷாயம் தந்தாலும் வேண்டாம்.

இன்றிரவே அந்தக் குழிகளைத் தேடிப் பாருங்கள். அழுத்த வேண்டாம், கையை வைத்து இடத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.