அபார்ட்மெண்ட் கேட்டில் எழுதிக்கொடுக்கும் போன் நம்பரை செக்யூரிட்டி கம்பெனி என்ன செய்கிறது?

கேட்டில் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், சில இடங்களில் ஆதார் நகல் வரை வாங்குகிறார்களே, இதெல்லாம் எங்கே போகிறது, இந்த செக்யூரிட்டிக்காரர்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் புதிதாக ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சென்னையில் பதினாறு வருடமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். முதல் நாலு வருடம் யூனிஃபார்ம் போட்டு கேட்டில் நின்றவன், இப்போது ஃபீல்ட் ஆபீசர், ஓ.எம்.ஆர். பக்கம் நாங்கள் காவல் பார்க்கிற பன்னிரண்டு இடங்கள், சைட் என்போம், என் பொறுப்பில் இருக்கின்றன. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது கமெண்டில் வருவதற்கு முன்னால், முழுவதையும் படித்துவிடுங்கள்.

முதல் விஷயம், பெரும்பாலான சைட்டுகளில் உங்கள் நம்பர் எங்கள் ஆபீசுக்கு வருவதே இல்லை. கேட் மேசை மேல், நூல் கட்டிய பேனாவோடு திறந்து கிடக்கிற நோட்டில்தான் அது இருக்கிறது. அடுத்து எழுதுகிறவன் கண்ணுக்கு உங்கள் பெயர், நம்பர், எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். வெளியே போவது அங்கிருந்துதான்.

2019இல் நடந்ததைச் சொல்கிறேன். சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு சைட், தொண்ணூறு வீடுகளுக்கு மேல் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் தோழியைப் பார்க்க வந்த ஒரு பெண் நோட்டில் எழுதிவிட்டு மேலே போயிருக்கிறார். அன்று ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸப் வந்திருக்கிறது. போட்டிருந்த சுடிதார் என்ன கலர் என்பது வரை அதில் இருந்தது. மறுநாள் காலையில் அண்ணனை அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். நியாயமான கோபம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அண்ணன் வந்த வேகத்தில் எங்கள் ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

எங்கள் ஆளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. வந்தவாசிப் பக்கம். எல்லாரும் அவரை பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இருந்தது பட்டன் போன், அதில் வாட்ஸப்பே கிடையாது. அதை எடுத்துக் காட்டிக்கொண்டே நின்றாராம், யாரும் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் குடியிருப்பு அசோசியேஷன் செயலாளர், "சார், ஆளை மாத்துங்க" என்று முடிவே பண்ணிவிட்டார். எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சி, ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் இருந்த டி.வி.ஆரை, அதாவது கேமரா பதிவாகிற பெட்டியை, திறந்து முந்தின நாள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பெண் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து ஏசி சர்வீஸ் என்று ஒரு பையன் வருகிறான். நோட்டில் எழுதுகிறான். பெரியவர் ஒரு காருக்கு கேட் திறக்கத் திரும்புகிறார். அந்த நேரத்தில் பையன் போனை நோட்டுக்கு மேலே பிடித்து எடுத்துவிட்டு பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். அடுத்த வரியில் அவனே எழுதியிருந்த நம்பரும் மெசேஜ் வந்த நம்பரும் ஒன்று. அண்ணன் அதை வைத்து போலீசில் புகார் கொடுத்தார், அப்புறம் பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

ஆனாலும் பெரியவரை மாற்றினார்கள். பேர் கெட்டுப்போச்சு, வேண்டாம் என்றார் செயலாளர். கான்ட்ராக்ட் அவர்கள் கையில். நான்தான் மாற்று ஆளை அனுப்பி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "நான் திரும்பாம இருந்திருக்கணும் தம்பி" என்றார். கேட் திறக்கத் திரும்பியது அவர் தப்பா? நோட்டை அப்படி வைத்தது யார்? நாங்கள்தான். நானும்தான்.

வேறு ஒரு கிடங்கில் அவருக்கு டியூட்டி போட்டேன். இரண்டு வாரம் கழித்து அங்கே போனால், தினசரி காலண்டரின் பழைய அட்டையை எடுத்து நடுவில் ஒரு வரி அகலத்துக்கு பிளேடால் வெட்டி நோட்டு மேல் வைத்திருந்தார். எழுதுகிறவருக்கு அவர் எழுதும் வரி மட்டும்தான் தெரியும். எழுதினதும் அட்டையை ஒரு வரி கீழே இறக்குவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே செய்தது. இன்று என் பன்னிரண்டு சைட்டிலும் அந்த அட்டை இருக்கிறது. தனியார் செக்யூரிட்டி சட்டத்துக்கான மாதிரி விதிகள்படி கார்டுக்கு, அதாவது கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்காரருக்கு, 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி தர வேண்டும். நான் உட்கார்ந்த வகுப்பில் தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் இருந்தன. நோட்டை எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை.

நோட்டு முடிந்ததும் என்ன ஆகிறது என்றும் கேளுங்கள். பல இடங்களில் மீட்டர் ரூமில் கட்டுக்கட்டாகக் கிடந்து, கடைசியில் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. ஒரு சைட்டில் நானே ஆறு வருட நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் பால் போட வந்தவர் நம்பர் யாருக்கு வேண்டும்? மூன்று மாதம் வைத்துக்கொண்டு கிழித்துவிடுங்கள் என்று நான் எழுதியே கொடுத்தேன். நாலு அசோசியேஷன் கேட்டது, மற்றவை இன்னும் கேட்கவில்லை.

கேமராவில் வேறு பிரச்சினை. பதிவு பெரும்பாலும் பதினைந்து நாள், ஒரு மாதத்தில் தானாக அழிந்து மேலே எழுதப்பட்டுவிடும், அது பரவாயில்லை. ஆனால் பல டி.வி.ஆர்.களில் மாட்டிவிட்டுப் போன அன்று இருந்த பாஸ்வேர்டுதான் இன்றும் இருக்கிறது. இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, பதிவைக் காட்டச் சொல்லி வருகிறவர்களில் திருட்டுக் கொடுத்தவர்கள் கொஞ்சம்தான். எதிர்வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். கார்டு முடியாது என்றால், "என் மெயின்டெனன்ஸ் பணத்துல சம்பளம் வாங்குற" என்கிறார்கள். 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவே, வேலையில் தெரிந்துகொண்ட விஷயத்தை முதலாளியைத் தவிர, அவர் சொல்கிறவரைத் தவிர, யாரிடமும் கார்டு சொல்லக்கூடாது என்கிறது. போலீஸ் விசாரணை, சட்டப்படி கேட்பது எல்லாம் விதிவிலக்கு. அந்தப் பிரிவை பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு கேபினில் ஒட்டியிருக்கிறேன். கார்டு அதைக் கையால் காட்டிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.

சட்டம் என்றதும் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்வீர்கள். நானும் படித்தேன். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். பாதுகாப்பாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அது டிஜிட்டல் தகவலுக்குத்தான், அல்லது பேப்பரில் வாங்கிப் பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றியதற்கு. வெறும் நோட்டில் கிடப்பது அதில் வராது. வருகிறவர் விவரத்தை நோட்டுக்குப் பதில் போனில் பதிகிற கேட் ஆப் வைத்திருந்தால் வரும். அப்போதும் எதற்காக வாங்குகிறோம், எப்படி வாங்குகிறோம் என்று முடிவு செய்வது உங்கள் அசோசியேஷன் என்றால், முதல் பொறுப்பும் அதன் மேல்தான். எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்ட முடியாது.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் நம்பருக்காக இவ்வளவு பேசுகிறோம், கார்டின் தகவலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் என் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டு எட்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள். இன்றைக்கும் புது ஆள் சேர்ந்தால் அவர் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஐம்பது பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போடுகிறார்கள். பி.எஃப்.புக்கு ஆதார் வேண்டும், சரி, அதை ஒருவருக்கு அனுப்பினால் போதாதா? அந்த பி.எஃப்.பும் கைக்கு வருவதில்லை. நம் ஊரில் அப்பா பெயர் வெறும் இனிஷியல், ஆதாரில் அது முன்னால், பி.எஃப்.பில் பின்னால், பேங்கில் இல்லவே இல்லை. பெயர் பொருந்தவில்லை என்று கிளெய்ம் திரும்பி வந்துவிடும். பெரியவருக்கு மகள் கல்யாணத்துக்கு எடுக்க வேண்டிய பணம் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து வந்தது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், தெரியும்.

சரி, உங்களுக்கு. ஆதார் நகல் கொடுக்காதீர்கள், கேட்டில் அதை வாங்க வேண்டிய அவசியமே கிடையாது. அடையாளம் கேட்டால் ஏதாவது ஒரு அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோ எடுக்க விடாதீர்கள். ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோடு செய்து வைத்திருந்து காட்டுங்கள். உங்களைப் பார்க்க வருகிறவரிடம், போன் நம்பர் கட்டத்தில் உங்கள் வீட்டு இன்டர்காம் எண்ணை எழுதச் சொல்லுங்கள், கார்டு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். அடுத்த மீட்டிங்கில் பழைய நோட்டு எங்கே இருக்கிறது, டி.வி.ஆர். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். வருடம் முடிந்ததும் காலண்டர் அட்டையைத் தூக்கிப் போடாமல் கேட்டில் கொடுங்கள். எப்படி வெட்டுவது என்று உங்கள் கார்டுக்குத் தெரியாவிட்டால் கமெண்டில் கேளுங்கள், அளவோடு படம் போடுகிறேன்.