பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கத் தனிநபர் கடன் வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் தாத்தா கட்டிய வீட்டில் அப்பாவின் பங்கு எனக்கு வந்திருக்கிறது. சித்தப்பா மக்கள் இருவருக்கும் பங்கு உண்டு. ஓடு ஒழுகுகிறது. சுவருக்குச் சிமென்ட் பூசி, ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டி, வீட்டின் இரண்டாம் கட்டை (முன்கட்டுக்கு அடுத்த பகுதியை) இடித்துத் தளம் போட ஒப்பந்தக்காரர் 22 லட்சம் கேட்கிறார். என்னிடம் 12 லட்சம் வைப்பு நிதி இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கலாமா? வயது 54.

பதில்: வேண்டாம். 10 லட்சத்தை 12% வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 22,250 ரூபாய்க்குப் பக்கம், வட்டி மட்டும் 3.35 லட்சம் போகும், ஓய்வு பெறப்போகிற நேரத்தில் கையிருப்பும் இருக்காது. வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை வரிக் கழிவு என்று யாராவது சொல்லியிருந்தால், அது வாங்குவதற்கும் கட்டுவதற்கும்தான். நாம் குடியிருக்கும் வீட்டை மராமத்து செய்ய வருடத்துக்கு 30,000 ரூபாய்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்.

அதைவிட என்னை உறுத்துவது ஒப்பந்தக்காரரின் மதிப்பீடுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்துப் பூச்சு உதிரும், அப்புறம் அதே சுவருக்கு மறுபடி செலவு செய்வீர்கள். தரையும் அப்படித்தான், உடைந்த கற்களை மட்டும் மாற்றினால் போதும், ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிறார்கள், பழைய பூ வடிவத்தைக் காட்டினால் அதற்கு ஒத்ததாகச் செய்து வாங்க முடியும். இன்னொன்று, இடிக்கும்போது இறங்கும் தேக்குத் தூண், நிலை, உத்தரம் யாருக்கு என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறதா? பர்மா தேக்காக இருந்தால் அந்த மரமே பெரிய தொகை, அதைக் கழிவு என்று எழுதி அவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் கொடுக்கும் கூலி 22 லட்சத்தோடு நிற்காது. இரண்டாம் கட்டு நல்ல நிலையில் இருந்தால் இடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, உங்கள் தாத்தா போட்ட அந்த மரத்தையும் வேலைப்பாட்டையும் இன்று எந்த 22 லட்சத்துக்கும் திரும்பக் கட்ட முடியாது.

சரி, என்ன செய்யலாம்? 5 லட்சத்தைத் தொடாதீர்கள். மீதி 7 லட்சத்துக்குள், ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றுவது, மழைநீர்த் தகரம், கரையான் மருந்து இவை மட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். சுவர்ப் பூச்சு அடுத்த வருடம், அடுத்த சேமிப்பில் செய்துகொள்ளலாம்.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் சித்தப்பா மக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். யார் எவ்வளவு போடுகிறார்கள், பின்னால் பாகம் பிரித்தாலோ விற்றாலோ அது எப்படிக் கழிக்கப்படும் என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள், வழக்கறிஞர் பார்த்துத் தரட்டும். உறவு நன்றாக இருக்கும்போதுதான் இதைக் கேட்க முடியும். எல்லாச் செலவுக்கும் ரசீது வாங்கி வையுங்கள், அவற்றில் வீட்டை மேம்படுத்தியதாகக் கணக்காகும் செலவை, என்றாவது விற்க நேர்ந்தால், மூலதன ஆதாயத்தில், அதாவது வரி கட்ட வேண்டிய விற்பனை லாபத்தில், கழிக்கலாம்.