சேவலை விடச் சின்ன பூனை

அன்புள்ள சார்,

ஒடுகத்தூர் பக்கம் ஏரியை ஒட்டி எங்கள் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை. போன வாரம் ராத்திரி நல்ல மழை. மோட்டாரை நிறுத்தப் போனேன். புளியமரத்தில், கை எட்டும் கிளையில் ஒரு பூனைக்குட்டி. டார்ச் அடித்தால் முகம் முழுக்கக் கண். நெற்றியில் கோடுகள், உடம்பில் செம்மண் தெறித்த மாதிரி புள்ளிகள். சிறுத்தைக் குட்டி என்கிறார் அப்பா. போன மாதம் காணாமல் போன சேவலுக்கு அதுதான் காரணம் என்கிறார் அம்மா. என்ன பூனை சார் அது?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது குட்டியாக இருக்காது. துருப்புள்ளிப் பூனை வளர்ந்தாலே அவ்வளவுதான். ஒன்று, ஒன்றரை கிலோ. உலகத்திலேயே சின்ன பூனை எது என்றால் இதுவும் ஆப்பிரிக்காவின் கரும்பாதப் பூனையும்தான் போட்டி.

நானும் ஏமாந்திருக்கிறேன். அமிர்தி சாலையில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒன்றை வீட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்து ஓரமாகத் தூக்கிப் போடப் போனேன். வாய் திறந்திருந்தது. கோரைப்பல் மஞ்சளாகி, முனை தேய்ந்திருந்தது. கிழட்டுப் பூனை! என் செருப்பை விடக் கொஞ்சம்தான் நீளம்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: சிறுத்தைக் குட்டிக்கு வாலிலும் புள்ளி இருக்கும். இதற்கு வால் அனேகமாக வெறுமை. காட்டுப்பூனையும் இல்லை. அது நெட்டைக்கால், உடம்பில் புள்ளி கிடையாது, வால் குட்டை.

காட்டைவிட்டு வழி தவறி வந்துவிட்டதோ என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிடைத்த ஒன்றை வைத்துத்தான் 1831இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், வற்றிய ஏரிப் புல்லிலும் ஊரோரப் புதரிலும் இது இருக்கும் என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் ஊர்களில் வீட்டுப் பரணில் குட்டி போட்டதும் உண்டு. மழை விட்டதும் எலி, தவளை தேடிக் கிளம்பும். உங்கள் கொல்லைக்கு வந்தது அதற்காகத்தான் இருக்கும். மல்லாட்டைக்கு எலி எவ்வளவு எதிரி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, சேவல். நாட்டுச் சேவல் இரண்டு கிலோ வரும், பூனையோ ஒன்றரை. அம்மாவின் வழக்கு நிற்காது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 1846இல் ஜெர்டன் இதன் குட்டி ஒன்றை வளர்த்தார். எட்டு மாதமானபோது அந்த அறைக்குள் ஒரு மான்குட்டியை விட்டாராம். பார்த்த கணத்தில் பாய்ந்து பிடரியைக் கவ்விக்கொண்டது. பிரித்தெடுக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார். அதனால் சேவலைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். குஞ்சுகளைக் கண்டிப்பாகப் பிடிக்கும், ராத்திரியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வையுங்கள். பொறி மட்டும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது.

அடுத்த மழைக்குப் போனால் வாலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.