தொப்பைக்குப் பவுடர் வேண்டாம், அண்ணாச்சி

செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வயது 48. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்பு 40 அங்குலம். எங்கள் தெருவுக்கு வந்திருக்கும் 'வெல்னஸ் கோச்', மாதம் 7,000 ரூபாய்க்குப் பவுடர் குடித்தால் மூன்று மாதத்தில் 15 கிலோ குறையும் என்கிறார். கையில் ஒரு மெஷினைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, என் உடம்புக்கு வயது 63 என்றார். வாங்கலாமா, அல்லது சாப்பாட்டை மாற்றினாலே போதுமா?"

வாங்க வேண்டாம். அந்த மெஷின் உடம்புக்குள் லேசான மின்சாரத்தை அனுப்பி, கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. காலையில் தண்ணீர் குடித்தீர்களா, வியர்த்திருந்ததா என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். '63 வயது' என்பது உங்களைப் பயமுறுத்த வைத்த எண். பவுடரில் முதல் மாதம் எடை குறையத்தான் செய்யும். இரண்டு வேளைச் சோற்றை நிறுத்திவிட்டு எதைக் குடித்தாலும் குறையும். அதில் நீரும் தசையும் சேர்ந்தே போகிறது. நிறுத்தியதும் திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு.

டப்பாவில் இருக்கும் 14 இலக்க எண்ணைக் காட்டி 'கவர்ன்மென்ட் அப்ரூவல்' என்பார்கள். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிம எண். உங்கள் மிக்சர் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கிறது. 'கேரளத்து மூலிகை, பக்க விளைவே கிடையாது' என்று வருபவர் இன்னும் மோசம். 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, மூலிகை என்று விற்கப்பட்ட மெலிவுப் பொருட்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத்தைக் கெடுக்கும். உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்யவே கூடாது என 1954-இலிருந்து சட்டம் இருக்கிறது. லோக்கல் கேபிளைப் போட்டுப் பாருங்கள், சட்டம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

சரி, உங்கள் விஷயம். வயதானதால் உடம்பு சக்தியை எரிப்பது நின்றுவிடவில்லை. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது என்று 2021-இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. குறைந்திருப்பது உங்கள் அசைவுதான். அன்று மூட்டை தூக்கியது நீங்கள். இன்று தூக்குவது கடைப் பையன், நீங்கள் கல்லாவில்.

முதலில் டீ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. இரண்டு வாரத்துக்கு ஒரு டீஸ்பூனாக்குங்கள், அப்புறம் அரை. நாக்கு பழகிவிடும். அது பழகிய பிறகு, கடை அடைத்துவிட்டுச் சாப்பிடும் பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு வாருங்கள். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டீர்கள், எனக்கும் மனசு வராது. வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், சால்னாவை ஊற்றாமல் தொட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் எட்டு மணிக்கே வீட்டுச் சாப்பாடு கடைக்கு வரட்டும். சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிடுவதால் எந்தப் பலனும் இல்லை, கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசியை இரண்டு தட்டு சாப்பிட்டாலும் அப்படித்தான். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் மீன், முட்டை, சுண்டல் வையுங்கள். மூன்றாவதாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூட்டையை நீங்களே இறக்குங்கள். முதுகு வலி இருந்தால் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலும் போதும். தசை கரையாமல் இருக்க இது வேண்டும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மெட்பார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் அளவைப் பேசுங்கள். பழைய அளவு மருந்து, பாதிச் சோறு என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகும். நடுங்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. தென்காசியில் ஒரு டாக்டர், திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர். இரண்டு சீட்டு, இரண்டு கம்பெனிப் பெயர், உள்ளே ஒரே கிளிமிபிரைடு. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டைகளை எல்லாம் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

எடை மெஷினை வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள். தையல்காரர் டேப் போதும். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு வரம்பு 90 செ.மீ., நீங்கள் 100-ஐத் தாண்டிவிட்டீர்கள். அரசு சுகாதாரப் பணியாளர் கொண்டுவரும் படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. டேப் எடுத்து அளந்து அதை நிரப்புகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை, நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் பில் கேளுங்கள். நேரடி விற்பனைக்கான 2021 விதிகளின்படி, ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டம் கூடாது. உங்களையும் 'கோச்' ஆகச் சொன்னால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யுங்கள். லைன் கிடைக்க நேரம் ஆகலாம், விடாதீர்கள்.