டேபிள்டாப் ஆர்பிஜியில் ஆட்டக்காரர்கள் கவனிக்காமல் விட்ட ஆபத்தை கேம் மாஸ்டர் எப்படி வளர்த்துக்கொண்டு போவது?

நான் மட்டக்களப்புக் கல்லடியில் நான்கு கூட்டாளிமாருக்கு ஞாயிறு பின்னேரங்களில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற டேபிள்டாப் ஆர்பிஜியை நடத்துகிறேன். மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஆட்டம் இது. அந்தக் கதை உலகத்தையும் வில்லன்களையும் நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். தொடக்கத்தில் என் வில்லன்கள் எத்தனை நாள் போனாலும் அதே கோட்டையில், அதே அறையில் காத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு அவசரமே வரவில்லை.

அதை மாற்றக் கைகொடுத்தது எங்கள் ஊர் வெள்ளம். மாரியில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக் கிடந்தால், வாவி நிரம்பித் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் ஏறும். நமக்கு வேறு வேலை இருக்கிறதே என்று அது பார்க்காது. இதையே ஒரு கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு போடியார் (பெரிய வயல்காரர்) நீர்ப்பேயுடன் உடன்பாடு செய்து முகத்துவாரத்தை அடைத்து வைத்திருக்கிறார். மூழ்கிய காணிகளை மலிவாக வாங்கிப்போடுவதுதான் அவருடைய எண்ணம்.

இப்படி ஓர் ஆசை இருந்தால் போதும், யாரும் தடுக்காவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது தானாக வந்துவிடும். கொப்பியில் வட்டம் கீறி நான்கு துண்டாக்கினேன். (பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு ஆர்பிஜியில் 4, 6, 8 துண்டு வட்டங்கள் உண்டு, அங்கிருந்து எடுத்தது.) துண்டுக்கு ஒரு கட்டம்: தோணித்துறை மூழ்கும், சனம் கோயிலுக்கு வரும், காணி உறுதிகள் கைமாறும், கடைசியில் வட்டை (வயல்வெளி) முழுவதும் போடியாருக்கு. ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பாத ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும், ஒரு துண்டு நிறையும்.

நிறைவதை அவர்கள் காண வேண்டும். ஒளித்து வைத்துத் திடீரென்று ஊரை அழித்தால் அது அநியாயம். எங்கள் ஆட்கள் இரண்டு செஷன் புதையலைத் தேடிப் போனார்கள். திரும்பி வந்தபோது, முன்பு காசு வாங்காமல் அவர்களை ஏற்றிவந்த ஓடக்காரர் சட்டி பானையோடு கோயில் வாசலில் குந்தியிருந்தார். மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் புதையல் கதையை எவரும் எடுக்கவில்லை.

அன்றிரவே போய் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். வெள்ளம் வடிந்தது. சரி, ஆபத்து முடிந்ததா? போடியாருக்குக் காணி ஆசை போகவில்லையே. மிச்சத் துண்டை அழித்துவிட்டுப் புது வட்டம் கீறினேன். வெட்டிய வாயால் உப்புத்தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டது என்று அவர் இப்போது அந்தப் பகுதியை ஆளும் வன்னியனாரிடம் முறையிடுகிறார், குற்றவாளிகள் எங்கள் ஆட்கள். அவர்கள் செய்த காரியத்திலிருந்தே அடுத்த ஆபத்து முளைத்ததால், எவருக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு வட்டத்துக்கு மேல் வைக்காதீர்கள். நான் ஐந்து வைத்துப் பார்த்தேன், மூன்றை ஆட்டக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.