மேல்வீட்டு நடை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், ஈசூனில் பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கு மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு நடை. நாற்பது தடவைக்கு மேல் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். போன வாரம் மின்தூக்கியில் அந்த வீட்டுப் பணிப்பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். தாத்தா இரவில் எழுந்து நடக்கிறார், தடுக்க முடியவில்லை, புகார் போனால் மேடம் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று அழுதாள். அவர்களும் தமிழர்கள்தான். பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசனை பிடிக்கவில்லை என்று ஒரு சீனக் குடும்பம் புகார் செய்த 2011 கறி விவகாரத்திலிருந்தே அண்டை வீட்டுச் சண்டை என்றால் எனக்குப் பயம். அண்டை வீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போவதா, பொறுத்துக்கொள்வதா?

ம.

அன்புள்ள ம.,

மூன்று மாதம் தூக்கம் கெட்டும் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்திருப்பேன்.

கறியை விடுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே சேர்ந்து கறி சமைத்தது. அதில் எத்தனை கிண்ணம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியதோ. அவர்களும் தமிழர்கள் என்பதும் இங்கே ஒரு பொருட்டல்ல. நடுவர் மன்றம் 2015இல் வந்தது. 20,000 வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. யாரைக் கொடுக்கச் சொல்வது? நினைவு தப்பி நடக்கும் கிழவரையா?

எனக்கு உறுத்தியது வேறு. நாற்பது தடவை பதிவு செய்தவருக்கு ஒரு மாடி ஏறத் தோன்றவில்லை. கடைசியில் கேட்டதும் யாரை? அந்த வீட்டில் பதில் சொல்ல எந்த உரிமையும் இல்லாத ஒருவரை, மின்தூக்கிக்குள் வைத்து. உங்கள் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள்: மேடத்துக்கு 'அனுப்பிவிடுவார்', அந்தப் பெண்ணுக்கு 'அழுதாள்'. உங்களுக்குத் தூக்கம் போய் மூன்று மாதம் என்றால் அவருக்கும் மூன்று மாதம்தானே? விடிந்ததும் அவர் சமைக்க வேண்டும், வீடு துடைக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஓய்வையாவது பணம் கொடுத்து ஈடுகட்டக்கூடாது என்று 2023இல் விதி வந்தது. இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று எவர் போய் எண்ணுவது?

வீட்டுக்காரரிடம் நேரே போய்ச் சண்டை போடுங்கள். ஆம், சண்டைதான். எழுபதுகளில் தோ பாயோவில் நாங்கள் ஆறாம் மாடி. ஏழாம் மாடியில் ஒரு ஹொக்கியன் சீனக் கிழவி. பிழியாத துணியை மூங்கிலில் மாட்டி வெளியே நீட்டுவார். காய்ந்துகொண்டிருக்கும் அப்பாவின் வேட்டியில் சொட்டும். அம்மா அந்த வேட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடியேறி, கிழவியின் இரும்புக் கதவின் முன் நின்று, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் "பாசா! பாசா!" என்று கத்துவார். ஈரம், ஈரம். கிழவி கம்பிக்குள்ளிருந்து வானத்தைக் காட்டி, "மாத்தாஹாரி அடா" என்பார். வெயில் இருக்கிறதே! கடைசிவரை இருவருக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

பாட்டி இறந்து, உடலைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்த அன்று, கிழவி இறங்கி வந்தார். வெள்ளை உறை ஒன்றை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, உடலை எடுக்கும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மேலே பார்த்தேன். ஏழாம் மாடியில் மூங்கில் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி சொட்டியது. அம்மாவும் வேட்டியோடு மறுபடி மாடியேறினார்.

நீங்கள் போகும்போது பழைய டென்னிஸ் பந்து நான்கு வாங்கிப் போங்கள். கத்தியால் கீறி நாற்காலிக் கால்களில் மாட்டினால் இழுக்கும் சத்தம் பாதி அடங்கும். நடையை அடக்க வழியில்லை. பணிப்பெண் அழுததைச் சொல்ல வேண்டாம். எனக்குக் கேட்கிறது, தாத்தாவுக்கு உடம்புக்கு என்ன என்று மட்டும் ஆரம்பியுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, துணி காயப்போட வேண்டும் என்று சமையலறைக்கு நடக்கிறார். பந்து மாட்டியது போன மாதம்தான். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறைகூட மேலே வந்ததில்லை. நானும் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மின்தூக்கியில் பார்த்தால் தலையசைக்கிறார். அவர் கைப்பேசியில் எத்தனை பதிவுகள் இருக்கின்றனவோ.