பசிபிக் பெருங்கடலைச் சிவப்பாக்கிய வரைபடம் கதிர்வீச்சைக் காட்டுகிறதா?

புகுஷிமா அணு உலையின் கதிர்வீச்சு பசிபிக் பெருங்கடல் முழுவதும் பரவிவிட்டதாக வலம்வரும் வண்ண வரைபடம் உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடம் உண்மையானது, அதற்குச் சூட்டப்பட்ட தலைப்புதான் பொய். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கி, அந்த உலையையும் சேதப்படுத்திய ஆழிப்பேரலை கடலில் எங்கெங்கே எவ்வளவு உயரம் எழும்பும் என்று அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் கணித்து வெளியிட்ட படம் அது. மூலப்படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோல் சென்டிமீட்டரில் இருக்கிறது. கதிர்வீச்சை எவரும் சென்டிமீட்டரில் அளப்பதில்லை. அந்தப் பட்டையைக் கவனிக்காதவருக்கு, ஜப்பானிலிருந்து விசிறிபோல் விரியும் சிவப்பும் மஞ்சளும் நஞ்சாகத் தெரிவதில் வியப்பில்லை.

அதற்காகக் கடலில் எதுவுமே கலக்கவில்லை என்று சொல்வதும் தவறு. உலையிலிருந்து சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கசிந்தது; அதன் சுவடு சில ஆண்டுகளில் வட அமெரிக்கக் கரையோரம் வரை சென்றதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பெக்கெரல் என்பது நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைவதைக் குறிக்கும் அலகு. அங்கே ஒரு கன மீட்டர் நீரில் கிடைத்த சீசியம் சில பெக்கெரல்கள்தான். அதே நீரில் இயற்கையாகவே இருக்கும் இன்னொரு கதிரியக்கப் பொருளான பொட்டாசியம்-40 ஏறத்தாழ 12,000 பெக்கெரல். இன்றைய கருவிகள் மிக நுண்ணிய அளவையும் காட்டிவிடுவதால், 'கண்டறியப்பட்டது' என்ற சொல்லோடு நின்றுவிடும் செய்தித் தலைப்பு ஆபத்தைப் பற்றி உண்மையில் எதையுமே சொல்வதில்லை.

உலையை ஒட்டிய பகுதிகளின் நிலை வேறு. அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. ஆனால் அதே மார்ச்சில் பொட்டாசியம் அயோடைடு மாத்திரைகளுக்கு அலைமோதியவர்கள் கடலுக்கு அப்பால், அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தார்கள். அந்த மாத்திரை தைராய்டில் கதிரியக்க அயோடின் சேர்வதைத் தடுக்குமே தவிர, சீசியத்துக்கு எதிராக எதுவும் செய்யாது.